வேதியியலின் முதல் படிகள்: பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பது பல வருடமாக என் வேலை. முகங்கள் வருடாவருடம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். பாடப் புத்தகத்தின் வரிசையில் இருக்காது. கேள்வி வருகிற வரிசையில் இருக்கும்.

பருப்பொருள் என்றால் என்ன? வெளிச்சமும் நெருப்பும் அதில் சேருமா?

நிறை இருக்க வேண்டும், இடத்தை அடைக்க வேண்டும். இரண்டும் இருந்தால் பருப்பொருள். காற்று சேரும், சைக்கிள் டியூபை அமுக்கிப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வராது. வெளிச்சம், நிழல், சத்தம் சேராது.

நெருப்பில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். சுடர் என்று நாம் பார்ப்பது சூடான வாயுக்கள். அவற்றுக்குள் பறக்கும் நுண்ணிய கரித்துகள்கள் சூட்டில் மஞ்சளாக ஒளிர்கின்றன. வாயுவும் கரியும் பருப்பொருள்தான், அவை வெளிவிடும் ஒளியும் வெப்பமும் அல்ல. அகல் விளக்கின் சுடருக்கு மேல் ஒரு தட்டைக் கொஞ்ச நேரம் பிடித்தால் அந்தக் கரி கையில் ஒட்டும். பாட்டிமார் கண்மைக்குக் கரி எடுத்தது அப்படித்தான்.

வீட்டு சிலிண்டருக்குள் இருப்பது வாயுவா, திரவமா?

பெரும்பகுதி திரவம். பேர்தான் காஸ். புரொப்பேனும் பியூட்டேனும் சாதாரண அழுத்தத்தில் வாயுக்கள். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்திச் சிறு இடத்தில் அடைத்தால் மூலக்கூறுகள் நெருங்கித் திரவமாகிவிடுகின்றன. 14.2 கிலோவை அந்தக் குட்டி உருளைக்குள் அடைக்க முடிவது அதனால்தான். காலியாகப்போகிற சிலிண்டரை லேசாக ஆட்டினால் உள்ளே தளும்புவது கைக்குத் தெரியும்.

கல்யாண வீட்டுச் சமையல் நடக்கும் இடத்தில் பெரிய அடுப்பு எரியும்போது சிலிண்டரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கும், வியர்த்தும் இருக்கும். திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டரின் உலோகத்திலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்ந்த உலோகத்தின் மேல் காற்றின் ஈரம் படிகிறது. நிலை மாற்றம், உள்ளுறை வெப்பம், ஆவி சுருங்குதல் என்று மூன்று பாடம் ஒரு சிலிண்டரில் முடிந்துவிடும். புத்தகம் ஏன் ஐஸ் கட்டியையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்று எனக்குப் புரிந்ததில்லை.

கற்பூரம் கரைகிறதா, உருகுகிறதா, எரிகிறதா?

டப்பாவைத் திறந்து வைத்தால் சில நாளில் கற்பூரம் சின்னதாகிவிடும். "கரைஞ்சுபோச்சு" என்கிறோம். கரைய அங்கே தண்ணீர் இல்லை, உருகவும் இல்லை. திண்மம் திரவமாகாமல் நேரே ஆவியாகிறது. இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். அது இயற்பியல் மாற்றம். ஆவியானதும் கற்பூரம்தான், குளிரவைத்தால் திரும்பப் படியும். அதே கற்பூரத்தைத் தட்டில் வைத்துக் கொளுத்தினால் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் புகைக்கரியும் வருகின்றன. அது வேதியியல் மாற்றம். அதிலிருந்து கற்பூரத்தை மீட்க முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "இயற்பியல் மாற்றம் மீளும், வேதியியல் மாற்றம் மீளாது" என்று பிள்ளைகள் ஒரே வரியில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். முழு உண்மை இல்லை. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் சட்டென்று சிவக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் தன் அமைப்பை மாற்றிக்கொள்வதால் வருவது அந்தச் சிவப்பு, வேதியியல் மாற்றம்தான். அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிறது. மீண்டுவிட்டதே! புதிய பொருள் உண்டாகிறதா என்று கேளுங்கள். மீளுமா என்பது இரண்டாவது கேள்வி.

தனிமம், சேர்மம், கலவை: எப்படிப் பிரித்தறிவது?

தனிமத்தில் ஒரே வகை அணுதான் இருக்கும். தங்கம், செம்பு, ஆக்சிஜன் இந்த வகை. சேர்மத்தில் வேறு வேறு அணுக்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பிணைந்திருக்கும். தண்ணீர் எங்கே எடுத்தாலும் இரண்டு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன், அதாவது எச்2ஓ. காவிரியிலும் அதுதான், வோல்காவிலும் அதுதான். கலவையில் விகிதம் நம் இஷ்டம். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் எவ்வளவு சேர்ப்பது என்பது உருக்குகிறவர் கையில் இருக்கிறது.

நகைக்கடையில் 916 என்று முத்திரை பார்த்திருப்பீர்கள். 24இல் 22 பங்கு என்பதைச் சதவீதமாக்கினால் 91.6. மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். ஆக உங்கள் வளையல் தனிமம் அல்ல, கலவை. சுத்தத் தங்கம் மென்மையானது, தினசரி போட்டால் நெளிந்துவிடும்.

கலவையைப் பிரித்தெடுக்க நிஜ வாழ்க்கை உதாரணம் சொல்லுங்களேன்.

தூத்துக்குடி உப்பளம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. எல்லாமே சமையல் உப்பு அல்ல. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகளும் கூடவே உண்டு. எல்லாவற்றையும் சுண்டக் காய்ச்சினால் வாயில் வைக்க முடியாத கசப்பு உப்புதான் கிடைக்கும்.

உப்பளத்தில் ஒரு பாத்தியில் மொத்தத்தையும் வற்றவிடுவதில்லை. நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். நீர் வற்ற வற்ற அடர்த்தி ஏறும். மிதவைமானியை விட்டு எத்தனை டிகிரி போமே என்று பார்ப்பார்கள். இது வெப்பநிலை அல்ல, அடர்த்தியின் அளவு. முதலில் சுண்ணாம்புச் சத்தும், பிறகு ஜிப்சமும் படிந்து ஒதுங்கிவிடும். ஏறத்தாழ 25 டிகிரி போமேயில் சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்கும். அப்போது அந்த நீர் கடைசிப் பாத்தியில் இருக்க வேண்டும். அதற்கும் மேலே போகவிட்டால் மெக்னீசியம் உப்புகள் கலந்துவிடும் என்பதால் மிச்சக் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். ஒவ்வொரு உப்பும் ஒவ்வொரு கட்டத்தில் கரைதிறனை மீறுகிறது என்ற ஒரே விஷயத்தை வைத்து, வெயிலையும் காற்றையும் மட்டும் செலவழித்து நடக்கும் பிரித்தெடுப்பு இது. ஆய்வகத்தில் இதைப் பகுதிப் படிகமாக்கல் என்போம்.

அணுவைக் கண்ணால் பார்க்க முடியாதே, இருக்கிறது என்று எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரிய பெரிய விஞ்ஞானிகளே நம்பவில்லை. ஜான் டால்டன் 1803 வாக்கில் அணுக் கொள்கையை முன்வைத்தபோது அவரிடம் இருந்தது தராசு மட்டும். தனிமங்கள் எப்போதும் குறிப்பிட்ட எடை விகிதத்திலேயே சேர்கின்றனவே, அப்படியானால் அவை எண்ணக்கூடிய துண்டுகளாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். நூறு வருடம் அது வாதமாகவே இருந்தது. தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் தடுமாறி ஆடுவது மூலக்கூறுகள் மோதுவதால்தான் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டார். ழான் பெரன் அளந்து பார்த்தார், கணக்கு சரியாக வந்தது. அதன்பிறகு எதிர்த்தவர்கள் அடங்கினார்கள்.

1981இல் வந்த ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கி அணுக்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தது. 1989இல் ஐபிஎம் ஆய்வகத்தில் 35 செனான் அணுக்களை நகர்த்தித் தங்கள் நிறுவனத்தின் பெயரையே எழுதினார்கள். ஆக இப்போது "பார்க்க முடியாது" என்பதும் பழைய பேச்சு.

அணுவுக்குள் பெரும்பாலும் வெற்றிடம் என்கிறார்களே, எவ்வளவு வெற்றிடம்?

1909இல் மான்செஸ்டரில் ரூதர்போர்டின் மேற்பார்வையில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் நேர்மின்னூட்டம் கொண்ட ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார்கள். ஏறக்குறைய எல்லாமே நேராகப் போயின. ஆயிரக்கணக்கில் ஒன்று மட்டும் வந்த பக்கமே திரும்பியது. அப்படித் திருப்பியடிக்க வேண்டுமானால் நேர்மின்னூட்டமும் நிறையும் ஒரு புள்ளியில் குவிந்திருக்க வேண்டும். 1911இல் ரூதர்போர்டு அதை அறிவித்தார், அதுதான் அணுக்கரு.

அளவு புரிய வேண்டுமா? ஹைட்ரஜன் அணு அதன் கருவைவிட ஏறக்குறைய அறுபதாயிரம் மடங்கு பெரியது. கருவை 2 மில்லிமீட்டர் கடுகாக வைத்துக்கொண்டால் அணுவின் விட்டம் 120 மீட்டர். சேப்பாக்கத்தில் பிட்ச்சின் நடுவே ஒரு கடுகு. எலக்ட்ரான் பவுண்டரிக் கோடு வரை பரவிய மங்கலான மேகம்.

அப்படியானால் சுவருக்குள் ஏன் கை நுழைவதில்லை என்று அடுத்த கேள்வி வரும். கையின் எலக்ட்ரான்களும் சுவரின் எலக்ட்ரான்களும் ஒரே நிலையில் நெருக்கியடிக்க முடியாது, ஒன்றையொன்று விலக்குகின்றன. "காலி இடம்" என்பதைக் காலிப் பெட்டி மாதிரி நினைத்தால் குழப்பம்தான்.

புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான்: எது எதற்கு?

புரோட்டான் எண்ணிக்கை அது எந்தத் தனிமம் என்று சொல்லும். நியூட்ரான் எண்ணிக்கை அந்தத் தனிமத்தில் எந்த ஐசோடோப்பு (அதே தனிமம், வேறு நிறை) என்று சொல்லும். எலக்ட்ரான்கள், குறிப்பாக வெளிக்கூட்டில் இருப்பவை, அது யாரோடு சேரும் என்று சொல்லும். எலக்ட்ரானைத் தாம்சன் 1897இலும் நியூட்ரானைச் சாட்விக் 1932இலும் கண்டார்கள். புரோட்டான் எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனமானது.

நிறை எண் முழு எண் என்கிறீர்கள். குளோரினுக்கு மட்டும் ஏன் 35.5?

அது நிறை எண் (புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் வருவது) அல்ல, சராசரி. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் நாலில் மூன்று பங்கு அணுக்களுக்கு நிறை எண் 35, ஒரு பங்குக்கு 37. மூன்று 35, ஒரு 37 கூட்டி நாலால் வகுத்துப் பாருங்கள். எந்தத் தனிக் குளோரின் அணுவும் 35.5 ஆக இருக்காது, எந்த வீட்டிலும் இரண்டரைப் பிள்ளை இல்லாத மாதிரி.

ஐசோடோப்பு வெறும் பரீட்சைச் சொல் இல்லை. கார்பனில் பெரும்பாலானவை 12, மிகச் சிறு பங்கு 14. இந்த 14 மெல்லச் சிதைவது. 5730 வருடத்தில் பாதியாகும். மரமோ விலங்கோ உயிரோடு இருக்கும்வரை புதிய கார்பன் உள்ளே வந்துகொண்டே இருக்கும். செத்த பிறகு வரவு நின்று செலவு மட்டும் நடக்கும். மிச்சத்தை அளந்தால் எப்போது செத்தது என்று கணக்கிடலாம். கீழடியில் கிடைத்த கரிம மாதிரிகளை இப்படித்தான் அளந்தார்கள். 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை அவற்றில் ஒன்றைக் கி.மு. 580 என்று காட்டியது. அணுக்கருவில் இரண்டு நியூட்ரான் கூடுதலாக இருப்பதுதான் நம் ஊர் வரலாற்றுச் சண்டைகளுக்கு நடுவர்.

மோல் என்பது புரியவே இல்லை.

டஜன் என்றால் 12 மாதிரி, மோல் என்றால் 6.022 × 10²³. நம் கணக்கில் ஏறத்தாழ 602 கோடி கோடி கோடி. அணுக்களை எண்ண முடியாது, எடை போட முடியும் என்பதால் வந்த ஏற்பாடு. 18 கிராம் தண்ணீரில், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக, ஒரு மோல் மூலக்கூறுகள் உள்ளன. 2019 முதல் இந்த எண்ணே மோலின் வரையறை.

ஒரு மோல் அரிசி மணி எவ்வளவு என்று வகுப்பில் கணக்குப் போடுவோம். ஒரு மணி 0.02 கிராம், உலகின் ஓராண்டு அரிசி விளைச்சல் சுமார் 50 கோடி டன் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கோடி வருடத்துக்கும் மேல் பயிரிட வேண்டும். அவ்வளவு மூலக்கூறுகளை நீங்கள் இப்போது ஒரு மடக்கில் குடித்துவிடுகிறீர்கள்.

செம்பைத் தங்கமாக்க முடியுமா? ரசவாதம் பொய்யா?

வேதிவினையால் முடியாது. வேதிவினைகள் எலக்ட்ரான்களோடு நின்றுவிடும், கருவைத் தொடுவதில்லை. தங்கம் என்றால் 79 புரோட்டான். எந்த மூலிகைச் சாறும் எந்தப் புடமும் புரோட்டானைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. மஞ்சள் நிறம் வரவழைக்கலாம், பித்தளையும் மஞ்சள்தான்.

கருவைத் தொட்டால் முடியும். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் ஈயக் கருக்கள் ஒன்றையொன்று உரசிப் போகும்போது சில கருக்கள் மூன்று புரோட்டானை இழக்கின்றன. 82இல் 3 போனால் 79. 2015 முதல் 2018 வரை அப்படி உண்டான தங்கக் கருக்கள் சுமார் 8,600 கோடி என்று 2025இல் கணக்குச் சொன்னார்கள். மொத்த எடை 29 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கி அதில் 29 பங்கு. அதுவும் நொடிக்குள் சிதறிப்போனது.

சோடியம் தண்ணீரில் பட்டால் வெடிக்கும், குளோரின் விஷவாயு. இரண்டும் சேர்ந்த உப்பை எப்படிச் சாப்பிடுகிறோம்?

சேர்மத்தில் மூலப் பொருளின் குணம் மிஞ்சாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. சோடியத்துக்கு வெளிக்கூட்டில் ஒரே எலக்ட்ரான். அதைத் தள்ளிவிடத் துடிக்கிறது. குளோரினுக்கு ஒன்று குறைவு. கைமாறியதும் இரண்டும் அயனிகளாகி, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களாகி, அமைதியாகிவிடுகின்றன. உப்பில் இருப்பது சோடியம் அயனி, சோடியம் உலோகம் அல்ல.

உலோகத்தின் துடிப்பை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கல்லூரி நாளில், மண்ணெண்ணெயில் கிடந்த சோடியத்தை வெட்டிய பிறகு, துணுக்குகள் ஒட்டிய வடிதாளை யாரோ ஈரமான தொட்டியில் போட்டுவிட்டார்கள். ஒரு சீறல், ஒரு வெடிச்சத்தம், தாள் எரிந்து கூரை வரை புகை. யாருக்கும் காயமில்லை. கறை மட்டும் நாங்கள் படிப்பை முடிக்கும்வரை அங்கேயே இருந்தது.

தனிம வரிசை அட்டவணையைக் கண்டுபிடித்தது மெண்டலீவ் ஒருவர்தானா?

தனியாக வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஜெர்மன் வேதியியலாளர் டாபரீனர் 1829இல், குணம் ஒத்த மூன்று மூன்று தனிமங்களான மும்மைகளைக் காட்டியிருந்தார். லித்தியத்தின் அணு நிறை 7, பொட்டாசியத்துக்கு 39, கூட்டிப் பாதியாக்கினால் 23. அதுதான் நடுவே நிற்கும் சோடியம். இங்கிலாந்தின் நியூலேண்ட்ஸ் எடை வரிசையில் அடுக்கி, எட்டாவது தனிமம் முதலாவதைப் போல இருக்கிறது, ச ரி க ம ப த நி முடிந்து மறுபடி ச வருவது போல என்றார் (அவர் சொன்னது மேற்கத்திய ஸ்வரங்களை). 1866இல் லண்டன் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா?" என்று கேலியாகக் கேட்டார். இருபது வருடம் கழித்து அதே ஊரில் அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

மெண்டலீவ் சைபீரியாவின் டொபோல்ஸ்கில் 1834இல் பிறந்தவர். செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாணவர்களுக்குப் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தபோது, தனிமங்களை எந்த வரிசையில் சொல்வது என்ற ஆசிரியரின் தலைவலிதான் அவரை அட்டவணைக்குக் கொண்டுபோய் விட்டது. 1869. அப்போது தெரிந்த தனிமங்கள் 63.

மற்றவர்கள் கிடைத்ததை அடுக்கினார்கள். இவர் குணம் பொருந்தாத இடத்தில் கட்டத்தைக் காலியாக விட்டு, "இங்கே வர வேண்டியது இன்னும் வரவில்லை" என்று எழுதிவைத்தார். பெயரும் வைத்தார்: ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கான். ஏகம் என்ற அதே சமஸ்கிருதச் சொல்தான். அலுமினியத்துக்கு ஒரு கட்டம் கீழே என்று பொருள்.

1875இல் பிரான்சில் லெகோக் த புவபோத்ரான் காலியத்தைக் கண்டு, அடர்த்தி 4.7 என்றார். அதுவரை அந்த உலோகத்தைப் பார்த்தே இராத மெண்டலீவ், 5.9 வர வேண்டும், மாதிரியைச் சுத்தம் செய்து திரும்ப அளந்து பாருங்கள் என்று எழுதினார். அளந்தார்கள். 5.9. எனக்கு இந்த இடம் ஒவ்வொரு வருடமும் புல்லரிக்கும். கண்டுபிடித்தவரைவிடக் கட்டம் போட்டவருக்குப் பொருளைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறது. 1879இல் ஸ்காண்டியமும் 1886இல் ஜெர்மானியமும் மற்ற இரண்டு கட்டங்களை நிரப்பின. ஜெர்மானியத்துக்கு அவர் சொன்ன அணு நிறை 72. இன்றைய அளவு 72.6.

அவர் தவறியதும் உண்டு. ஆர்கான் வந்தபோது அதற்குத் தன் அட்டவணையில் இடமில்லை என்பதால், அது மூன்று நைட்ரஜன் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்று கொஞ்ச நாள் பிடிவாதம் பிடித்தார். நோபல் பரிசு கிடைக்காமலேயே 1907இல் இறந்தார். 101ஆவது தனிமம் அவர் பெயரில் இருக்கிறது.

அணு நிறைப்படி அடுக்கியது ஏன் அணு எண்ணுக்கு மாறியது?

டெல்லூரியத்தின் நிறை 127.6, அயோடினுக்கு 126.9. நிறைப்படி அயோடின் முன்னால் வர வேண்டும், குணப்படி பின்னால். மெண்டலீவ் குணத்தை நம்பி இடம் மாற்றி வைத்தார், காரணம் சொல்ல முடியவில்லை. 1913இல் ஹென்றி மோஸ்லி தனிமங்களின் எக்ஸ் கதிர்களை அளந்தபோது, ஒவ்வொரு தனிமத்துக்கும் படி போல ஒரு முழு எண் வந்தது. கருவின் மின்னூட்டம், அதாவது புரோட்டான் எண்ணிக்கைதான் அந்த எண். அதுவே அணு எண். அதன்படி அடுக்கினால் டெல்லூரியம் 52, அயோடின் 53, சிக்கல் தீர்ந்தது. 43, 61, 72, 75 காலியாக இருப்பதும் தெரிந்தது. நான்கும் பின்னால் கிடைத்தன. மோஸ்லி பார்க்கவில்லை. 1915 ஆகஸ்டில் கல்லிபோலிப் போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்தார், வயது 27.

118 தனிமத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். முதல் இருபது தெரிந்தால் பள்ளிக்குப் போதும். வீட்டுச் சுவரில் பெரிய அட்டவணையை ஒட்டி, தம்பி தூக்கத்தில்கூட ஒப்பிப்பான் என்று பெருமைப்படும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவனிடம் "பொட்டாசியம் தண்ணீரில் என்ன செய்யும்?" என்று கேட்டால் முழிப்பான்.

அட்டவணை ஒரு வரைபடம். நெடுக்கே 18 தொகுதிகள், குறுக்கே 7 தொடர்கள். ஒரே தொகுதியில் இருப்பவற்றுக்குப் பெரும்பாலும் வெளிக்கூட்டு எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்று. ஆகவே குணமும் ஒன்று. சோடியத்துக்குக் கூடு வாரியாக எலக்ட்ரான்கள் 2, 8, 1. பொட்டாசியத்துக்கு 2, 8, 8, 1. இரண்டும் கடைசி ஒன்றை விட்டுவிடவே பார்க்கும். பொட்டாசியத்தின் எலக்ட்ரான் கருவிலிருந்து இன்னும் தள்ளி இருப்பதால் இன்னும் சுலபமாகக் கழன்றுவிடும், தண்ணீரில் சோடியத்தைவிட ஆவேசமாகத் தீப்பிடிக்கும். சோடியத்தை மட்டும் தெரிந்தவன் அட்டவணையைப் பார்த்தே இந்தப் பதிலுக்கு வந்துவிடலாம். வலது ஓரத்தில் நிற்கும் மந்த வாயுக்களுக்குக் கூடு நிறைந்துவிட்டது. பெரும்பாலும் யாரோடும் ஒட்டு உறவு கிடையாது.

சோடியத்துக்கு 'என்ஏ', இரும்புக்கு 'எஃப்இ'. ஏன் பெயருக்கும் குறியீட்டுக்கும் சம்பந்தமில்லை?

லத்தீன் பெயர்கள். நேட்ரியம், ஃபெர்ரம், பொட்டாசியத்துக்குக் கேலியம், தங்கத்துக்கு ஆரம், ஈயத்துக்குப் பிளம்பம். குழாய் வேலை பார்ப்பவரைப் பிளம்பர் என்பது ஈயக் குழாய் காலத்து மிச்சம். இரண்டாவது எழுத்தைச் சிறியதாக எழுதுங்கள். 'சி'யும் 'ஓ'வும் இரண்டுமே பெரியதாக இருந்தால் அது கோபால்ட் அல்ல, கார்பன் மோனாக்சைடு. இந்த ஒன்றுக்கே நான் வெட்டிய மதிப்பெண்கள் ஏராளம்.

அறை வெப்பநிலையில் திரவமாக உள்ள தனிமங்கள் எத்தனை?

பரீட்சையில் இரண்டு என்று எழுதுங்கள்: பாதரசம், புரோமின். சென்னையில் மே மாதம் உட்கார்ந்து எழுதினால் நான்கு. சீசியம் 28.5 டிகிரியிலும் காலியம் 29.8 டிகிரியிலும் உருகிவிடும். மெண்டலீவின் அந்தக் காலியம்தான். அதை உருக்க இங்கே உள்ளங்கைச் சூடு தேவையில்லை, மேசையே போதும்.

ஹீலியம் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டது என்று பகிர்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 1868 ஆகஸ்ட் 18இல் முழு சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ழான்சன் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலும், சென்னை வான் ஆய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக்காட்டியோடு காத்திருந்தார்கள். சூரிய விளிம்பிலிருந்து எழும் சுடர்களின் ஒளியில் பிரகாசமான கோடுகள் தெரிந்தன, அவற்றில் ஒன்று மஞ்சள். அந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோடு இல்லை, பூமியில் தெரியாத ஒன்று என்ற முடிவுக்கு வந்தவர் இங்கிலாந்தில் இருந்த லாக்கியர். பூமியில் அந்த வாயுவைப் பிடித்தவர் ராம்சே, 1895இல், ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து.

நம் மண்ணோடு நிஜத் தொடர்புள்ள தனிமம் வேண்டுமென்றால் தோரியம், அணு எண் 90. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது உண்டு, அதில் தோரியம் உண்டு. திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கு தூக்கிப் போன காலத்தில், அந்த மேண்டில் வலை எரிந்து சாம்பலான பிறகும் வெள்ளையாக ஒளிர்ந்ததே, அந்தச் சாம்பல் பெரும்பாலும் தோரியம் ஆக்சைடு.

இலங்கைப் புத்தகத்தில் எல்லாம் வேறு பெயராக இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிலருக்கு இணையத்தில் பாடம் எடுத்தபோது முதல் வாரம் மொழிபெயர்ப்பிலேயே போனது. இங்கே தனிமம், அங்கே மூலகம். சேர்மம் அங்கே சேர்வை, ஆக்சிஜன் ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன், கார்பன் காபன். தனிம வரிசை அட்டவணை அவர்களுக்கு ஆவர்த்தன அட்டவணை. ஐசோடோப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் 'சமதானி' எனக்கு மிகவும் பிடித்தது: அட்டவணையில் ஒரே தானத்தில், அதாவது ஒரே இடத்தில் இருப்பது. மூலக் கிரேக்கச் சொல்லும் அதைத்தான் சொல்கிறது. நாம் ஒலியை எடுத்துக்கொண்டோம், அவர்கள் பொருளை எடுத்துக்கொண்டார்கள்.

118க்குப் பிறகு வருமா?

முயல்கிறார்கள். 113, 115, 117, 118 ஆகியவற்றுக்கு 2016இல் பெயர் உறுதியாகி ஏழாவது தொடர் நிறைந்தது. 118 ஓகனெசான், ரஷ்ய விஞ்ஞானி யூரி ஓகனெசியன் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில் வைத்தது. இதுவரை உண்டாக்கியது விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணுக்களே, அவையும் மில்லிநொடிகூட நிற்கவில்லை. 119 கிடைத்தால் எட்டாவது தொடரின் முதல் கட்டத்தில், ஃபிரான்சியத்துக்கு நேர் கீழே உட்காரும். மெண்டலீவ் கணக்குப்படி அது ஏக ஃபிரான்சியம்.